திருகோணமலைத் துறைமுகமும் வன்னிப் பெருநிலமும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ எரிபொருள், கோதுமை மா, சீமெந்து ஆகிய மூன்று பெருந்தொழில்கள் அமைந்த விதத்தைச் சுருக்கமாக எழுதியிருந்தோம். அதைப் படித்த வாசகர்கள் வன்னியின் நான்கு மாவட்டங்களிலிருந்தும் கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். ஒரே கருத்துள்ள கடிதங்களை ஒன்றாக்கி, இவ்விதழ்ப் பகுதி முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியுள்ளோம்.

வவுனியாவில் கட்டடப் பொருள் கடை நடத்தும் வாசகர்: ஐயா, திருகோணமலை எங்களுக்குக் கொழும்பை விட மிக அருகில் இருக்கிறது. ஆயினும் என் கடைக்குச் சீமெந்தைத் தவிர ஏனைய எல்லாப் பொருள்களும் கொழும்பிலிருந்தே வருகின்றன. இவ்வளவு பெரிய துறைமுகம் பக்கத்தில் இருந்தும் அதன் பயன் ஏன் எங்களை வந்தடையவில்லை?

சீமெந்து மட்டும் திருகோணமலையிலிருந்து வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது ஏன் வருகிறது என்பது தெளிந்தால், மற்றவை ஏன் வருவதில்லை என்பதும் தெளிந்துவிடும்.

சீமெந்து பாரம் கூடிய, விலை குறைந்த சரக்கு. அதை லொறியில் ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு கிலோமீற்றரும் விலையைக் கூட்டும். சுண்ணக்கல்லைச் சூளையில் எரித்துப் பெறும் கிளிங்கர் என்ற கட்டிகளை வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்து, கரையிலேயே அரைத்துப் பைகளில் நிரப்பினால், தரைப்பயணம் ஆலையின் வாசலிலிருந்துதான் தொடங்குகிறது. டோக்கியோ சீமெந்து நிறுவனம் 1980களில் திருகோணமலையில் ஆலை அமைத்ததற்கு அடிப்படை இதுவே. 1980இல் இயங்கத் தொடங்கிய பிறீமா மா ஆலைக்கும் இதே காரணம் பொருந்தும். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. அது பெருங்கப்பல்களில் தானியமாகவே வருகிறது. ஆழமான நீரும், காற்றும் அலையும் புகாத குடாவும் உள்ள இடத்தில் ஆலையை நிறுவினால் கப்பலிலிருந்து தானியத்தை நேரே குதங்களுக்கு உறிஞ்சி எடுக்கலாம். திருகோணமலையின் சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளும் அந்த ஆழ்நீரை நம்பியே அங்கு எழுந்தன. அவை 99, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீற்றர் கொள்ளளவுடையது.

இம்மூன்றும் மொத்தச் சரக்கு வகையைச் சேர்ந்தவை. ஒரு கப்பல் முழுவதும் ஒரே பொருள், அதை வாங்குபவர் ஒரே நிறுவனம், இறக்குவது அந்த நிறுவனத்தின் இறங்குதுறையில். இப்படிப்பட்ட சரக்குக்குத் துறைமுகம் எந்தக் கடல்வழியில் இருக்கிறது என்பது பெரிய விடயமல்ல. ஆலை எங்கே இருக்கிறதோ அங்கே கப்பல் வரும்.

உங்கள் கடையிலுள்ள குழாய்கள், பூட்டுகள், தரையோடுகள், மின்சாதனங்கள், வர்ணத் தகரங்கள் ஆகியவை வேறு வகை. அவை கொள்கலனில் வருபவை. கொள்கலன் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்க வேண்டுமானால், அங்கு ஏற்றவும் இறக்கவும் நூற்றுக்கணக்கான பெட்டிகள் காத்திருக்க வேண்டும். ஐரோப்பாவையும் கிழக்காசியாவையும் இணைக்கும் முதன்மைக் கடல்வழி இலங்கையின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அதன் பயனைக் கொழும்பு பெறுகிறது. அங்கு ஆண்டொன்றுக்கு 70 இலட்சத்தையும் தாண்டும் இருபதடிக் கொள்கலன் அலகுகள் கையாளப்படுகின்றன. அவற்றில் ஐந்தில் நான்கு பங்களவு ஒரு கப்பலிலிருந்து மற்றொரு கப்பலுக்கு மாற்றப்பட்டு வேறு நாடுகளுக்குச் செல்பவை. நாம் இறக்குமதி செய்யும் பெட்டிகள் இந்தப் பெரும் போக்குவரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. திருகோணமலைக்கு வர விரும்பும் கொள்கலன் கப்பல் முதன்மை வழியிலிருந்து விலகி வடக்கே ஏறி, பின் திரும்ப வேண்டும். அந்தச் செலவை ஈடுசெய்யும் அளவுக்குச் சரக்கு அங்கு இல்லை. சரக்கு இல்லாததால் கப்பல் வருவதில்லை. கப்பல் வராததால் இறக்குமதியாளரும் சுங்க முகவரும் வங்கியும் களஞ்சியமும் அங்கு குடியேறவில்லை. அவர்கள் இல்லாததால் சரக்கும் சேரவில்லை.

இனி, நமது பக்கத்தில் உள்ள தடையையும் பார்க்க வேண்டும். வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர்; கொழும்புக்கோ 250 கிலோமீற்றருக்கு மேல். ஆனால் ரயிலில் போக வேண்டுமானால், வவுனியாவிலிருந்து அநுராதபுரம் தாண்டித் தெற்கே மாகோ வரை இறங்கி, அங்கிருந்து மட்டக்களப்புப் பாதையில் கல்லோயா சென்று, பிறகுதான் திருகோணமலைக்குக் கிளை பிரிய வேண்டும். நாட்டின் இருப்புப்பாதைகள் கொழும்பை நடுவாக வைத்து இடப்பட்டவை. பக்கத்து மாவட்டங்களை ஒன்றோடொன்று இணைப்பது அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை. வவுனியா வடக்கின் வாசல் என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த வாசலிலிருந்து மிக அருகிலுள்ள ஆழ்கடல் துறைமுகத்துக்கு நேர் இருப்புப்பாதை இல்லை என்பதைப் பேசுவோர் குறைவு.

இந்த அருகாமை எவ்வளவு பெறுமதியுடையது என்பதை 2022இல் கண்டோம். அவ்வாண்டு ஜூன் இறுதியில் அரச நிறுவனமான இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பொதுமக்களுக்கான விநியோகத்தை இடைநிறுத்திய நாட்களில், இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசி திருகோணமலையிலிருந்து அனுப்பிய எரிபொருளை நம்பியே நாடு முழுவதும் மக்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு துறைமுகத்தில் தாங்கிகளும் இருப்பும் விநியோகப் பாதையும் இருந்தால், நெருக்கடியில் அதன் சுற்றுப்புறம் தாக்குப்பிடிக்கும். அந்த 99 தாங்கிகளில் 14ஐ லங்கா ஐஓசியும் 24ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் தனித்தனியே வைத்துக்கொண்டு, எஞ்சிய 61ஐ இரு நிறுவனங்களும் கூட்டாக அபிவிருத்தி செய்வதென்று 2022 ஜனவரியில் உடன்படிக்கை செய்யப்பட்டது. அந்த 61 தாங்கிகளும் சீராக்கப்பட்டால் அவற்றின் இயல்பான சந்தைகளில் ஒன்று வன்னியாகத்தான் இருக்கும்.

எனவே, உங்கள் கடைக்குக் கொள்கலன்கள் நாளையே திருகோணமலையிலிருந்து வரும் என்று நம்பிக்கை ஊட்ட முடியாது. ஆனால் சீமெந்து, இரும்பு, பசளை, எரிபொருள், தானியம் போன்ற பாரச் சரக்குகளுக்கு வவுனியா ஒரு பங்கீட்டு நிலையமாக வளர முடியும். வவுனியா வர்த்தகர்கள் ஒன்றுசேர்ந்து கேட்க வேண்டியவை, திருகோணமலைக்கு நேர் இருப்புப்பாதை, அகலமான பாரவூர்திப் பாதை, சுங்கக் கண்காணிப்புடைய களஞ்சியம் ஆகிய மூன்றும்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

முல்லைத்தீவிலிருந்து கடற்றொழிலாளர் சங்க உறுப்பினர் ஒருவர்: எங்கள் மாவட்டத்துக்கு நீண்ட கடற்கரை இருக்கிறது. வர்த்தகத் துறைமுகம் ஒன்று இங்கு அமைந்தால் மாவட்டத்தின் வறுமை தீரும் என்று சில பொதுக்கூட்டங்களில் பேசப்படுகிறது. இது நடக்கக்கூடியதா?

நடக்கக்கூடாத ஒன்றல்ல. ஆனால் நான் அதை ஆதரிக்க மாட்டேன். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்வது உங்களுக்குச் செய்யும் மரியாதை.

கடற்கரையின் நீளம் துறைமுகத்துக்குத் தகுதி ஆகாது. திருகோணமலையில் மலைகள் சூழ்ந்த குடாவும், கரைக்கு மிக அருகிலேயே பெருங்கப்பல் வரக்கூடிய ஆழமும் இயற்கையாக அமைந்திருக்கின்றன. முல்லைத்தீவுக் கரை வடகீழ்ப் பருவக்காற்றுக்கு முழுவதும் திறந்த மணற்கரை. மணல் கரையோரமாக இடையறாது நகர்ந்துகொண்டிருப்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். நந்திக்கடலின் முகத்துவாரமும் நாயாற்றின் முகத்துவாரமும் மணலால் அடைபடுவதும் மாரி வெள்ளத்தில் திறபடுவதும் அதன் கண்கூடான அடையாளங்கள். அத்தகைய கரையில் துறைமுகம் அமைக்க வேண்டுமானால் கடலுக்குள் நீண்ட அலைதடுப்புகளைக் கட்டி, அடியை ஆழமாகத் தோண்டி, பின் ஆண்டாண்டுதோறும் மணலை அகழ்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

இதற்கு நமது கீழ்க்கரையிலேயே ஒரு பாடம் உண்டு. அம்பாறை மாவட்டத்தின் ஒலுவிலில் டென்மார்க்கின் கடனுதவியுடன் கட்டப்பட்ட துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. கடலுக்குள் நீட்டப்பட்ட கற்சுவர்கள் மணலின் நகர்வை மறித்தன. துறைமுகத்தின் வாய் மணலால் அடைபட்டது. வடபுறத்தில் கரை அரிக்கப்பட்டுத் தென்னந்தோப்புகளும் காணிகளும் கடலுக்குள் போயின. எதிர்பார்த்த வர்த்தகக் கப்பல்கள் வரவில்லை. கடற்றொழிலாளரின் படகுகள்கூட உள்ளே வந்துபோக முடியாமல் தவித்த காலங்கள் உண்டு. ஒலுவில் மக்கள் பட்ட இந்த இழப்பை முல்லைத்தீவு மக்கள் மீண்டும் ஒருமுறை பட வேண்டியதில்லை.

மற்றொன்று, சரக்கு. வன்னியின் நான்கு மாவட்டங்களையும் சேர்த்தால்கூட 2012ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணிப்பின்படி மக்கள்தொகை ஐந்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. முல்லைத்தீவு மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 92,000 பேர். பெருந்தொழிற்சாலைகள் இல்லாத இந்தப் பரப்பு, முல்லைத்தீவிலிருந்து நேர்கோட்டில் 100 கிலோமீற்றருக்குள் திருகோணமலை இருக்கும்போது, தனக்கென ஒரு துறைமுகத்தைத் தாங்கும் அளவுக்கு இறக்குமதியையும் ஏற்றுமதியையும் உண்டாக்காது.

உங்கள் மாவட்டத்துக்கு மிகுந்த பயனைத் தரக்கூடியது வேறொன்று. முல்லைத்தீவு நகரிலிருந்து திருகோணமலை நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீற்றர்தான். ஆனால் கரையோரப் பாதை கொக்கிளாய்க் களப்பின் முகத்துவாரத்தில் அறுந்துவிடுகிறது. அக்கரையில் புல்மோட்டை தெரியும். வாகனமோ உள்நாட்டுப் பாதைகளில் நெடுந்தூரம் சுற்ற வேண்டும். அந்த முகத்துவாரத்தில் பாலம் எழுந்தால் மீனும் நண்டும் ஐஸும் எரிபொருளும் சீமெந்தும் நேரே போய்வரும். ஒரு துறைமுகத்தைக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் பாலம் ஒன்றின் செலவு மிகச் சிறியது. திருகோணமலைத் துறைமுகத்தின் பொருளாதார எல்லைக்குள் முல்லைத்தீவை ஒரே நாளில் கொண்டுவந்து நிறுத்தக்கூடிய வேலை அதுவே. மீன்பிடிப் படகுகளுக்கான நங்கூரத் துறைகளும் இறங்குதுறைகளும் இதிலிருந்து வேறுபட்ட தேவை. அவற்றை நீங்கள் தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் இயங்கிய காலத்தை நினைவுகூரும் தலைமுறையினர் நாங்கள். அவற்றுக்கும் துறைமுகத்துக்கும் என்ன தொடர்பு இருந்தது? மீண்டும் அத்தகைய ஒரு கட்டமைப்பு உருவாகுமா?

ஐயா, உங்கள் கேள்வி இந்த விடயத்தின் நெஞ்சைத் தொடுகிறது.

1950இல் காங்கேசன்துறையில் அரசாங்கம் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, திருகோணமலை ஆலையைப் போன்றதன்று. அங்கு மூலப்பொருளே நிலத்தில் இருந்தது. குடாநாட்டின் சுண்ணக்கல்லும் மன்னார் முருங்கன் பகுதிக் களிமண்ணும் சேர்ந்து சூளையில் சீமெந்தாயின. அதாவது, வன்னியின் மண் ஒரு தொழிற்சாலைக்குள் மூலப்பொருளாகச் சென்றது. பக்கத்திலேயே துறைமுகமும் ரயில் முடிவிடமும் இருந்ததால் எரிபொருளும் இயந்திரமும் உள்ளே வரவும் சீமெந்து வெளியே போகவும் வழி இருந்தது. பரந்தனில் 1950களில் அமைந்த இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பை எடுத்து எரிசோடாவும் குளோரினும் செய்தது. சவர்க்காரத் தொழிலுக்கும் குடிநீர்ச் சுத்திகரிப்புக்கும் அவை போயின. கடல்நீர் உப்பாகி, உப்பு இரசாயனமாகி, ஒவ்வொரு படியிலும் உள்ளூரில் கூலியும் அறிவும் தங்கின.

மன்னார் வளைகுடாவின் மறுகரையில் இதே தர்க்கம் எவ்வளவு தூரம் வளர்ந்தது என்பதைத் தூத்துக்குடி காட்டுகிறது. 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்ட அந்த ஊர், 1974இல் இந்தியாவின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அதைச் சுற்றி உப்பளங்கள், உப்பை நம்பிய இரசாயன ஆலை, உரத் தொழிற்சாலை, நிலக்கரியில் இயங்கும் அனல்மின் நிலையம் என்று ஒன்றையொன்று பற்றிப் பல தொழில்கள் வளர்ந்தன. நமது பக்கத்தில், அதே உப்பும் அதே கடலும் இருந்தும், போர் அந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுத்தது. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1990இல் நின்றது. பரந்தன் தொழிற்சாலையும் ஆனையிறவு உப்பளமும் போர்க்காலத்தில் செயலிழந்தன. சீமெந்து செய்ய மண் கொடுத்த வன்னிக்கே சீமெந்து வரத் தடை விதிக்கப்பட்டிருந்த ஆண்டுகளையும் நாம் கடந்தோம். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு கப்பல் கொண்டுவந்த அரிசியையும் மாவையும் நம்பியே உயிர் தரித்தது.

மீண்டும் உருவாகுமா என்றால், அதே வடிவில் உருவாகாது, உருவாகவும் கூடாது. குடாநாட்டின் சுண்ணக்கல்லே அதன் நிலத்தடி நீரைத் தாங்கி வைத்திருப்பது. அதை மேலும் தோண்டி எரிப்பதை நான் ஏற்க மாட்டேன். ஆனையிறவு உப்பு மீண்டும் விளைகிறது. அந்த உப்பு மூட்டைகளாகத் தெற்கே போவதோடு நின்றுவிடாமல், இரசாயனப் பொருளாகவும் மாறவேண்டும் என்று கோருவது நியாயமானது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்ரோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல் சேவையும், இந்திய நன்கொடையுடன் திட்டமிடப்பட்டுள்ள காங்கேசன்துறைத் துறைமுக மேம்பாடும் பாரச் சரக்குக்கான வழியாகவும் விரிந்தால், கிளிநொச்சி அதன் முதல் பின்னிலமாக, அதாவது துறைமுகத்தோடு சரக்குத் தொடர்புள்ள உள்நிலப் பகுதியாக, அமையும். ஏ9 பாதையும் இருப்புப்பாதையும் ஏற்கனவே உங்கள் வாசலில் இருக்கின்றன.

கொக்கிளாயிலிருந்து வாசகி ஒருவர்: எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடற்கரை மணல் ஏற்றுமதியாகிறது. இதனால் எங்களுக்குக் கிடைப்பது என்ன?

சகோதரி, மிகக் குறைவாகவே கிடைக்கிறது.

புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைற், ரூட்டைல், சிர்க்கோன் ஆகிய கனியங்கள் செறிந்துள்ளன. 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் உருவாக்கப்பட்டு, இன்று லங்கா கனிய மணல் நிறுவனம் என்ற அரச நிறுவனமாக இயங்குகிறது. மணலைக் கழுவி, காந்தத்தாலும் மின்புலத்தாலும் கனியங்களைப் பிரித்தெடுக்கும் வேலை அங்கு நடக்கிறது. அதற்கு மேல் எதுவும் பெரிய அளவில் நடப்பதில்லை. இல்மனைற்றிலிருந்து பெறப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்ற வெண்ணிறப் பொருள் உலகெங்கும் வர்ணத்துக்கும் பிளாஸ்ரிக்குக்கும் கடதாசிக்கும் தேவைப்படுகிறது. நமது மணல் தாதுவாகக் கப்பலேறி, வேறொரு நாட்டில் அந்தப் பொருளாகி, வர்ணத் தகரத்துக்குள் புகுந்து கொழும்புத் துறைமுகம் வழியாக மீண்டும் வவுனியாக் கடைக்கு வருகிறது. பெறுமதி கூடும் படிகள் எல்லாம் வெளியே நடக்கின்றன.

இதற்குத் தீர்வாகப் பெரிய இரசாயன ஆலை ஒன்றை உடனே கேட்பதிலும் ஆபத்து இருக்கிறது; அந்தத் தொழில் அமிலக் கழிவைப் பெருமளவில் உண்டாக்குவது. ஆனால் அகழ்வதற்கு முன் கரையோர மக்களின் சம்மதம், அகழ்ந்த நிலத்தைச் சீராக்கும் கடப்பாடு, வருமானத்தில் ஒரு பங்கு பிரதேச சபைக்கு என்ற மூன்றையும் கேட்பதில் எவ்வித ஆபத்தும் இல்லை. துறைமுகங்கள் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் கீழ் மத்திய அரசுக்கு ஒதுக்கப்பட்ட விடயம். சுங்க வருமானமும் திறைசேரிக்கே போகிறது. உள்ளூராட்சி சபைக்குச் சோலைவரி போன்ற சிறு வருமானமே எஞ்சுகிறது. மணலையும் கடலையும் பாதையையும் தூசியையும் ஓர் ஊர் சுமக்க, வருமானம் முழுவதும் வேறிடம் செல்லும் இந்த ஒழுங்கு அநீதியானது என்பதை வெளிப்படையாகவே சொல்கிறேன்.

மன்னாரிலிருந்து வாசகர்: தலைமன்னார் மீண்டும் துறைமுகமாகுமா?

பயணிகளுக்கு ஆகலாம், பெருங்கைத்தொழிலுக்கு ஆகாது. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் சேவை நடந்தது. 1964இன் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் இராமேஸ்வரத்துக்கு மாறி, 1984இல் முற்றாக நின்றது. மன்னார் இருப்புப்பாதை 2015இல் தலைமன்னார் இறங்குதுறை வரை மீண்டும் திறக்கப்பட்டதால், படகுச் சேவைக்கு வேண்டிய பாதி ஏற்பாடு தயாராகவே இருக்கிறது. ஆனால் அங்குள்ள கடல் ஆழமற்றது. பெருங்கப்பல் வர இயலாது.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் மாவட்டத்தின் மாந்தை, அதாவது மாதோட்டம், ஒருகாலத்தில் இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் பேர்பெற்ற துறையாக விளங்கியது. அதன் வாழ்வு ஆழமான நீரால் மட்டும் வந்ததன்று. அருவியாற்றின் வழியே அநுராதபுரம் என்ற பெருநகரம் அதன் பின்னால் இருந்ததால் வந்தது. பதினோராம் நூற்றாண்டளவில் அநுராதபுரம் தலைநகர் என்ற நிலையை இழந்தபோது மாதோட்டத்தின் வணிகமும் தேய்ந்தது. துறைமுகத்தின் செழிப்பு அதன் பின்னிலத்தின் செழிப்பிலேயே தங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று நமக்குத் தேவையில்லை.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய்: துறைமுகம் வளர்ந்தால் ஆயிரக்கணக்கில் வேலை கிடைக்கும் என்கிறார்கள். உயர்தரம் முடித்த என் மகனை எதற்குப் படிக்க வைக்கலாம்?

அம்மா, துறைமுகத்துக்குள்ளே கிடைக்கும் வேலைகளின் எண்ணிக்கை உலகெங்கும் குறைந்து வருகிறது. முன்பு ஒரு கப்பலை இறக்க நூற்றுக்கணக்கானோர் மூட்டை சுமந்தார்கள். இன்று உறிஞ்சு குழாயும் பாரந்தூக்கியும் அதைச் செய்கின்றன. வேலைகள் துறைமுக வேலிக்கு வெளியேதான் பெருகும். பாரவூர்தி ஓட்டுதலும் பராமரிப்பும், குளிரூட்டி திருத்துதல், ஒட்டுவேலை, மின்னிணைப்பு, களஞ்சியக் கணக்கு, சுங்க ஆவணம் தயாரித்தல், தரப் பரிசோதனை ஆகியவை அவை. தொழில்நுட்பத்தில் நாட்டமிருந்தால், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் உங்களுக்கு மிக அருகில் உள்ள நல்ல வாய்ப்பு. துறைமுகப் பணிக்கென்றே பயில விரும்பினால், இலங்கைத் துறைமுக அதிகாரசபையின் மகாபொல பயிற்சி நிலையம் கொழும்பில் இருக்கிறது. எதைப் படித்தாலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஓர் ஆவணத்தை வாசித்து விளங்கும் அளவு தேர்ச்சி வேண்டும். திறமையிருந்தும் நமது பிள்ளைகள் பின்தங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நாயாற்றிலிருந்து கடற்றொழிலாளி: கைத்தொழில் துறைமுகங்களால் கடலுக்கு வரும் கேட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லையே?

எழுத வேண்டியது கட்டாயம். தூத்துக்குடியைப் பாராட்டி மேலே எழுதினேன். அதே ஊரில் இறக்குமதித் தாதுவை நம்பி இயங்கிய செம்பு உருக்காலையால் காற்றும் நீரும் கெடுவதை எதிர்த்து மக்கள் திரண்டபோது, 2018 மே 22இல் நடந்த பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அதன்பின் அந்த ஆலை மூடப்பட்டது. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியது. அந்த விபத்தில் கோடிக்கணக்கான பிளாஸ்ரிக் குருணிகள் கரையொதுங்கின. மேற்குக் கரையின் மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் முடங்கினார்கள். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது.

திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் திட்டமிடப்பட்ட 500 மெகாவாற் நிலக்கரி அனல்மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்டு, அவ்விடத்துக்குச் சூரியசக்தித் திட்டம் வந்ததை நான் மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன். கொட்டியாரக் குடாவின் மீன்வளத்துக்கு அது பெரும் காப்பு. துறைமுகம் விரிவடையும் ஒவ்வொரு கட்டத்திலும் சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்களின் கருத்துக்காகத் திறந்து வைக்கப்படும். அக்காலத்தில் உங்கள் சங்கம் எழுத்தில் தன் ஆட்சேபத்தைப் பதிவு செய்யவேண்டும். மீன் இனப்பெருகும் இடம், வலை இழுக்கும் பாடு, பருவம் ஆகியவற்றை உங்களைப்போல் அறிந்தவர் வேறெவரும் இல்லை. அந்த அறிவு பதிவாகாவிட்டால், அறிக்கையில் உங்கள் கடல் வெறும் நீல நிறமாகவே காட்டப்படும்.

நெடுங்கேணியிலிருந்து வாசகர்: அம்பாந்தோட்டைத் துறைமுகம் தென்பகுதியை வளர்த்ததா?

எதிர்பார்த்த வேகத்தில் வளர்க்கவில்லை. 2010 நவம்பரில் திறக்கப்பட்ட அத்துறைமுகம் முதன்மைக் கடல்வழிக்கு மிக அருகில் இருந்தும், பின்னால் தொழில்கள் இல்லாததால் பல ஆண்டுகள் நட்டத்தில் இயங்கியது. 2017இல் 112 கோடி அமெரிக்க டொலருக்குச் சீன நிறுவனம் ஒன்றிடம் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. இன்று வாகனங்களைக் கப்பல் மாற்றி ஏற்றும் நிலையமாக அது முன்னேறியிருக்கிறது. அந்த வாகனங்களில் பெரும்பாலானவை தரைக்குள் வருவதில்லை என்பதால், சுற்றுக் கிராமங்களுக்குப் போய்ச் சேரும் பயன் சிறிது.

மல்லாவியிலிருந்து விவசாயி: எங்கள் விளைபொருள்கள் திருகோணமலை வழியாக வெளிநாடு போகுமா? திருகோணமலைத் தொழிற்சாலைகளுக்கு நாங்கள் எதையாவது விற்க முடியுமா?

முதற் கேள்விக்கு, இப்போதைக்கு இல்லை என்றே சொல்ல வேண்டும். பப்பாசியும் நண்டும் குளிரூட்டிய பெட்டியிலோ விமானத்திலோ போக வேண்டியவை. திருகோணமலையில் ஒழுங்கான கொள்கலன் சேவை இல்லாததால் அவை கொழும்பு வழியே போகும்.

இரண்டாவது கேள்வி நம்பிக்கை தருவது. டோக்கியோ சீமெந்து நிறுவனம் திருகோணமலையில் மரக்குச்சிகளையும் உமியையும் எரித்து மின்சாரம் பெறும் நிலையங்களை நடத்துகிறது. அதற்குக் கிளிசரியா, அதாவது சீமைக்கிளுவைத் தடிகளை விவசாயிகளிடமிருந்து வாங்குகிறது. வேலியில் நட்டாலே வளரும் அம்மரத்தை வெட்ட வெட்ட மீண்டும் தளிர்க்கும். இலை வயலுக்குப் பசளையாகவும் ஆட்டுக்கு உணவாகவும் பயன்படும். நெல் ஆலைகளில் குவியும் உமியும் அவ்வாறே விற்பனைப் பொருளாகும். ஆனால் இவை பருமன் கூடி விலை குறைந்தவை என்பதால் லொறிக் கூலியே இலாபத்தைத் தீர்மானிக்கும். தனியொருவர் அனுப்பினால் கட்டுப்படியாகாது. உங்கள் கமக்காரர் அமைப்பு ஓரிடத்தில் சேர்த்து, ஈரம் காயவிட்டு, முழு லொறியாக அனுப்ப முடியுமா என்று முதலில் கணக்குப் பாருங்கள். கொள்முதல் விலை ஆலை வாசலுக்கா அல்லது சேகரிப்பு நிலையத்துக்கா என்பதை எழுத்தில் கேட்டுப் பெற்ற பின்னரே நடுகையைப் பெருக்குங்கள். மறுபுறம், மா ஆலையின் கோதுமைத் தவிட்டை உங்கள் பகுதிப் பால் பண்ணையாளர்கள் கூட்டுறவுச் சங்கம் மூலம் மொத்தமாக வாங்கினால், உமியும் தடியும் கொண்டுசென்ற லொறி திரும்பும்போது வெறுமையாக வராது. இரு வழிக்கும் சரக்கு இருந்தால் கூலியில் பாதி மிஞ்சும்.